குட்டி யானையில் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர்

2025 ஜூன் 6, வெள்ளி

பல்லாவரம் சந்தையில் பழைய பீரோக்களுக்கு நடுவே நின்ற, காசு போட்டு ஆடும் ஆர்கேட் கேம் பெட்டியைப் பேரம் பேசி, குட்டி யானையில் ஏற்றி நங்கநல்லூருக்குக் கொண்டுவந்தாயிற்று. உள்ளே கேப்காம் கம்பெனியின் சண்டை கேமான ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 போர்டு, 1991-ல் வந்தது. அடிப் பிளைவுட் ஈரத்தில் ஊறி அப்பளமாய்ப் பொரிந்திருக்கிறது. பிக்சர் டியூபில் கீறல் இல்லை. அது போதும்.

டியூபைக் கழற்றிப் போட்டுவிட்டு எல்சிடி மாட்டச் சொல்லி நண்பர்கள் எல்லோரும் ஒரே பாட்டு. எனக்குச் சம்மதமில்லை. இந்த போர்டு தருவது 384-க்கு 224 புள்ளிப் படம். வரிகளுக்கு நடுவே இருட்டு விழ, ஓரங்கள் லேசாகக் கரைந்து டியூபில் தெரிந்தால்தான் கேமின் நாயகன் ரியூவுக்கு முகம் வரும். எல்சிடியில் வெறும் கட்டம் கட்டமாக நிற்பான்.

ஜூன் 8, ஞாயிறு

போர்டுக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸில் 5 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 4.6 வந்தது. ஸ்க்ரூவைத் துளித்துளியாகத் திருப்பி 5-க்குக் கொண்டுவந்ததும் சத்தம் கேட்டது. கேமின் அந்தப் பாட்டு! படம்தான் இல்லை, திரையின் குறுக்கே ஒரே ஒரு வெள்ளைக் கோடு. அப்படியே விட்டால் டியூபில் தழும்பு விழுந்துவிடும், உடனே அணைத்துவிட்டேன்.

ஜூன் 14, சனி

எலக்ட்ரானிக்ஸ் சாமான் வாங்க ரிச்சி தெரு. 105 டிகிரி சூடு தாங்கும் கண்டன்சர்கள், ஈயம், மைக்ரோ ஸ்விட்ச்.

ஜூன் 15, ஞாயிறு

எங்கள் தெரு டிவி மெக்கானிக் அண்ணன் வந்தார். கோடு என்று சொன்னதுமே, "வெர்ட்டிகல்ல டிரை சால்டர் இருக்கும் தம்பி" என்றார். படத்தை மேலும் கீழுமாக விரிக்கும் பகுதியில் ஈயம் விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். முதலில் ஸ்க்ரூடிரைவரில் ஒயர் கட்டி சேஸிஸோடு சேர்த்து, ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, டியூபின் ரப்பர் மூடிக்கு அடியில் நுழைத்தார். டப்! ஆளைத் தூக்கி எறிகிற மின்சாரம் அது, பிளக்கைப் பிடுங்கினாலும் உள்ளேயே தங்கியிருக்கும்.

வெர்ட்டிகல் ஐசியின் ஒரு காலைச் சுற்றி ஈயத்தில் மெல்லிய கருப்பு வளையம். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக வைத்தார், கண்டன்சர்களையும் மாற்றினார். கோடு விரிந்து படமானது, ஆனால் உருண்டுகொண்டே இருந்தது. நம் பழைய டிவி திரையை மேலிருந்து கீழாக வரைவது நொடிக்கு 50 தடவை. இதற்குக் கிட்டத்தட்ட 60. படம் உருளாமல் பிடித்து நிறுத்தும் வி-ஹோல்டைத் திருப்பியதும் நின்றது. குறுக்கு வரி வேகம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், நொடிக்குச் சுமார் 15,600. சாலிடேர், டயனோரா டிவி காலத்து மெக்கானிக்குகளுக்கு இந்தப் பெட்டி அந்நியமே இல்லை. இப்படிப்பட்டவர்கள் இருக்கும்போதே இதையெல்லாம் எழுப்பிவிட வேண்டும்.

"இது நம்ம ஊர் ஆளாச்சே" என்று அண்ணன், கேமில் கையை நீட்டி அடிக்கும் இந்தியரான தால்சிமைத் தேர்ந்தெடுத்தார். நீட்டிய கை திரைக்குள் அடங்குகிறதா என்று பார்த்தபடியே அகலத்தைச் சரிசெய்தோம்.

ஜூன் 22, ஞாயிறு

குத்தெல்லாம் விழுகிறது, உதை விழவில்லை. போர்டையும் பெட்டியையும் சேர்ப்பது, 1985-ல் ஜப்பானில் வகுத்த ஜாமா இணைப்பு, 56 முனைகள். அதில் ஆளுக்கு மூன்று பொத்தான்தான் கணக்கு, இந்த கேமுக்கோ ஆறு வேண்டும். உதைக்கான மூன்றும் தனி ஒயரில் போகும். அந்த ஒயரை எலி கடித்திருக்கிறது. கனெக்டர் நல்ல நிலையில் இருப்பதால் ஒயரை மட்டும் மாற்றுகிறேன்.

ஊறிய பிளைவுட்டை அறுத்தெடுத்து மரைன் பிளை வைக்கத் தச்சரிடம் சொல்லியிருக்கிறேன். ஐப்பசி மழைக்குள் பட்டி பார்த்து, பெயின்ட் அடித்து, அடியில் சக்கரமும் மாட்டியாக வேண்டும்.