திரையில் நிற்கும் கொன்டெய்னர்

"இறக்கப்பட்டது, ஜெபல் அலி." டுபாயின் அந்தத் துறைமுகத்தில் நிற்கும் கொன்டெய்னரைப் பற்றி ஒன்பது நாளாக ட்ரெக்கிங் திரையில் இதே வரிதான். ஈராக்கின் உம் கஸ்ர் துறைமுகத்துக்கு வரவேண்டிய தேயிலைக்குக் காத்திருக்கும் பாக்தாத் கொள்வனவாளர் மூன்றாவது தடவையும் கேட்டுவிட்டார். ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் ஏற்றுமதி வேலை பார்க்கும் சின்ன ஒபிஸ்களுக்கு இது பழகிப்போன தலைவலி. உடனே கப்பல் கம்பனிக்கு "அப்டேட் தாருங்கள்" என்று எழுதத்தான் கை போகும். அதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: நிற்பது பெட்டியா, பெட்டியைப் பற்றிய செய்தியா?

கொன்டெய்னருக்குள் ஏதோ கருவி இருந்து, அது வானத்தோடு பேசிக்கொண்டே போவதாகப் பலர் நினைக்கிறார்கள். தேயிலை போகும் சாதாரண 20 அடிப் பெட்டிகள் பலவற்றில் அப்படி ஒன்றும் கிடையாது. திரையில் காணும் வரிகள் பெரும்பாலும் யாரோ அனுப்பிய செய்திகள். பெட்டி துறைமுக முனையத்தின் வாசலைக் கடக்கும்போது அதன் கணினி 'கொடெக்கோ' என்ற செய்தியை அனுப்பும். கப்பலில் ஏற்றினாலோ இறக்கினாலோ 'கொஆரி' போகும். சில முனையங்கள் உடனுக்குடன் அனுப்பும். சில இடங்களில் கப்பல் வேலை முடிந்த பிறகு மொத்தமாக அனுப்புவார்கள். ஒரு செய்தி பிழையென்று திரும்பிவிட்டால், யாராவது பார்த்துத் திருத்தும்வரை அந்த வரி வராது. பெட்டி அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். பல கம்பனிகளையும் ஒரே இடத்தில் காட்டும் பொதுத் தளங்கள் இதற்கும் ஒரு படி பின்னால்தான் நிற்கும். கப்பல் கம்பனியின் தளம் இருக்க அவற்றை நம்பி மறுமொழி எழுதக் கூடாது.

முதலில் சந்தேகிக்க வேண்டியது நம்பரை. கொன்டெய்னர் நம்பரில் நான்கு எழுத்து, ஆறு எண்கள், கடைசியில் கட்டத்துக்குள் இன்னோர் இலக்கம். அந்தக் கடைசி இலக்கந்தான் முன்னுள்ள பத்துக்கும் காவல். பாடங்களில் வழக்கமாகக் காட்டும் சீ எஸ் கியூ யூ 305438 என்பதை எடுத்துக்கொள்வோம். ஆங்கில எழுத்துகளுக்கு ஏ 10 என்று தொடங்கி, 11, 22, 33 ஆகியவற்றைத் தாண்டிப் பெறுமதி போட்டால் சீ 13, எஸ் 30, கியூ 28, யூ 32. முதலிடத்தை 1ஆல், அடுத்ததை 2ஆல், பிறகு 4, 8, 16 என்று இரட்டித்துப் போய்ப் பத்தாவது இடத்தை 512ஆல் பெருக்கி எல்லாவற்றையும் கூட்டினால் 6185. 11ஆல் வகுக்க மீதி 3. கட்டத்துக்குள் 3 இருக்க வேண்டும். யாராவது 5ஐயும் 4ஐயும் இடம் மாற்றி 304538 என்று எழுதிவிட்டால் கூட்டுத்தொகை 6249, மீதி 1. பிழை அங்கேயே பிடிபடும். எக்ஸலில் ஒரு தடவை சூத்திரம் போட்டு வைத்தால் போதும். சாரதி சத்தத்துக்கு நடுவில் ஃபோனில் வாசிக்கும் நம்பரை அப்படியே எழுதுவதைவிட, "அண்ணே, கதவுல இருக்கிற நம்பரையும் சீலையும் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க" என்று கேட்பது மேல்.

நம்பர் சரியாக இருந்தும் தேடும் இடம் பிழைக்கலாம். முதல் மூன்று எழுத்துகள் பெட்டியின் சொந்தக்காரரைத்தான் காட்டும். பெட்டி வாடகைக்கு எடுத்ததென்றால் அது கப்பல் கம்பனியின் எழுத்தாக இராது. சரக்கை அனுப்பித் தரும் முகவரான ஃபோர்வர்டர் தானே எழுதித் தரும் ஹவுஸ் பில்லின் (பில் ஒஃப் லேடிங், அதாவது சரக்குச் சீட்டு) இலக்கமும் கப்பல் கம்பனியின் தளத்தில் வேலை செய்யாது. கப்பல் கம்பனி எழுதும் மாஸ்டர் பில்லின் இலக்கம் அல்லது புக்கிங் இலக்கம் வேண்டும். ஒரே பெட்டி வருடத்தில் பல பயணம் போவதால், பெட்டி நம்பரை மட்டும் போட்டால் சிலவேளை முந்திய பயணத்தின் வரிகள் வந்து நிற்கும். திகதியைப் பார்க்காமல் "போய்ச் சேர்ந்துவிட்டது" என்று எழுதி மாட்டிக்கொள்பவர்கள் உண்டு.

மலையிலிருந்து கொழும்புவரை தடம் என்று ஒன்றும் இல்லை. பெரும்பாலான தேயிலை லொறியில் இறங்கிக் கொழும்புக் களஞ்சியத்தில்தான் பெட்டிக்குள் போகிறது. வெற்றுப் பெட்டியே மேலே வந்தாலும், யார்டை விட்டு வெளியேறியதற்கும் நிரம்பித் துறைமுகத்துக்குள் நுழைந்ததற்கும் இடையில் திரை வெறுமைதான். கினிகத்தேனையில் மண் சரிந்தால் அதைச் சொல்ல சாரதியின் ஃபோன் மட்டுமே உண்டு. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையக வீதிகளைத் துண்டித்தபோது அந்த ஃபோனும் பல இடங்களில் எடுபடவில்லை. வாசலுக்குள் போன பிறகும் ஒரு கண்ணி உண்டு. 2016 ஜூலை 1 முதல், சரிபார்த்த மொத்த எடையை அறிவிக்காத பெட்டியைக் கப்பலில் ஏற்ற முடியாது. எடை அறிவிப்பு பிந்தினால் திரையில் 'உள்ளே வந்தது' என்று இருக்கும், கப்பல் போய்விட்டிருக்கும், 'ஏற்றப்பட்டது' மட்டும் வராது. கப்பல் புறப்பட்ட மறுநாளும் அந்த வரி இல்லையென்றால் துறைமுகத்தில் நம் வேலையைப் பார்க்கும் வாஃப் கிளார்க்கை எழுப்ப வேண்டிய நேரம் அதுதான். பணத்துக்கு வங்கி உறுதி தரும் கடன் கடிதத்தில் (எல்.சி.) கடைசி ஏற்றுமதித் திகதி இருந்தால் இன்னும் அவசரம். சரக்குச் சீட்டில் கப்பலேறிய திகதி பிந்தினால் வங்கி ஆவணத்தைத் திருப்பிவிடும்.

உண்மையான தாமதம் பெரும்பாலும் கப்பல் மாறும் துறைமுகத்தில் கிடக்கும். தாய்க் கப்பல் பிந்தி வந்திருக்கும், அங்கிருந்து பெட்டியை எடுத்துப்போகும் சிறு கப்பலான ஃபீடர் காத்திராமல் போயிருக்கும். அல்லது ஃபீடரில் இடமில்லாமல் பெட்டியை அடுத்த கப்பலுக்குத் தள்ளியிருப்பார்கள். தொழிலில் இதை 'ரோல்' என்பார்கள். சில நேரம் இறக்கிய முனையம் ஒன்று, ஏற்றும் முனையம் வேறு. இடையில் ட்ரெய்லரில் போக வேண்டும். திரையில் அடுத்த கப்பலின் பெயர் எழுதியிருப்பதை நம்பி ஆறுதலடையக் கூடாது, அது திட்டம் மட்டுமே. அந்தப் பெயரை எடுத்து, கப்பலின் ஏழு இலக்க அடையாளமான ஐஎம்ஓ எண்ணோடு, கப்பல்கள் அனுப்பும் சமிக்ஞையை வைத்து அவை நிற்கும் இடத்தைக் காட்டும் ஏஐஎஸ் வரைபடத்தில் தேடினால் விஷயம் வெளிக்கும். பெயர் மாறினாலும் அந்த எண் மாறாது. கப்பல் துறைமுகத்தை விட்டு மூன்று நாளாகியும் 'ஏற்றப்பட்டது' இல்லையென்றால் பெட்டி தரையில் நிற்பதாகவே எடுத்துக்கொள்ளலாம். கப்பலே இன்னும் வெளியே நங்கூரம் போட்டுக் கிடந்தால் ரோல் நடக்கவில்லை, எல்லாருக்கும் சேர்த்துத்தான் தாமதம்.

வரைபடத்தையும் முழுதாக நம்ப முடியாது. போகுமிடத்தையும் சேரும் நேரத்தையும் கப்பலில் ஒருவர் கையால் பதிகிறார். பழைய துறைமுகமே பல நாள் நிற்கும். கரையிலுள்ள ஏஐஎஸ் நிலையங்கள் சில பத்துக் கடல் மைல்வரைதான் பிடிக்கும், அதற்கப்பால் செய்மதி. செங்கடல் பக்கம் ஜிபிஎஸ் குழப்பத்தில் கப்பல் பாலைவனத்தில் ஓடுவதுபோலக்கூடக் காட்டும். 2023 டிசம்பரில் பல கம்பனிகள் செங்கடலைத் தவிர்த்து நன்னம்பிக்கை முனையைச் சுற்றத் தொடங்கியபோது ஐரோப்பியப் பயணங்களில் சுமார் 10 முதல் 14 நாள் கூடியது. அந்த நீண்ட பயணத்தில் இரண்டு மூன்று வாரம் ஒரு வரியும் வராதது இயல்பு. கடலில் வாசலும் இல்லை, பாரந்தூக்கியும் இல்லை, செய்தி அனுப்ப யாரும் இல்லை.

பயப்பட வேண்டிய தாமதம் இதற்கு நேர்மாறானது, அதை யாரும் தேடுவதில்லை. பெட்டி இறங்கிவிட்டது, திரை இன்னும் 'கடலில்' என்கிறது. துறைமுகத்தில் கட்டணமில்லாமல் பெட்டி நிற்கக்கூடிய இலவச நாட்கள் பெரும்பாலும் பெட்டி இறங்கியதிலிருந்தே எண்ணப்படும். ஏழு நாள் இலவசமென்று வைத்துக்கொண்டால், செய்தி நான்கு நாள் பிந்தும்போது கொள்வனவாளருக்கு மிஞ்சுவது மூன்று; அதற்குள் மூலச் சரக்குச் சீட்டு வங்கியிலிருந்து கைக்கு வர வேண்டும், சுங்கம் முடிய வேண்டும். பிறகு வரும் டெமரேஜ் (தாமதக் கட்டண) பில்லுக்கு "உங்கள் ட்ரெக்கிங் காட்டவில்லையே" என்பது மறுமொழியாகாது. ஆகவே சேரும் திகதிக்கு ஐந்து நாள் முன்பிருந்தே, திரை என்ன சொன்னாலும், சேரும் துறைமுகத்து முகவரிடம் நேரடியாகக் கேட்பது நல்லது.

கப்பல் கம்பனிக்கு எழுதும்போது "தயவுசெய்து நிலைமையை அறியத்தரவும்" என்றால் "பார்த்துச் சொல்கிறோம்" என்றுதான் வரும். மாஸ்டர் பில் இலக்கம், பெட்டி நம்பர், கடைசி வரியும் அதன் திகதியும், திட்டத்திலுள்ள கப்பலின் பெயரும் பயண இலக்கமும் எழுதி, இந்தப் பெட்டி அந்தக் கப்பலின் ஏற்றும் பட்டியலில் இருக்கிறதா, இல்லையென்றால் எந்தக் கப்பல், இப்போது எந்த முனையத்தில் நிற்கிறது என்று கேட்டால் ஆம், இல்லை என்று சொல்லியாக வேண்டும்.

கொள்வனவாளருக்கு மூன்று வரி போதும். "பெட்டி 14ஆம் திகதி ஜெபல் அலியில் இறங்கியது. 19ஆம் திகதி போன கப்பலில் ஏற்றப்படவில்லை. அடுத்த கப்பலின் பெயரை நாளை மாலை 4 மணிக்குள் எழுதுகிறோம்." பெயர் கிடைக்காவிட்டாலும், கிடைக்கவில்லை என்று அந்த 4 மணிக்கே எழுத வேண்டும். நாளை போயா விடுமுறை என்றால் மறுநாள் என்று போடுங்கள். பாக்தாத்தில் இருப்பவருக்கு நம் பௌர்ணமி தெரியாது.