எந்தப் பரீட்சைக்குங்க கோச்சிங்?

போன வருடம் தை மாதத்தில் ஒரு அடக்க ஆராதனை. இறந்தவரின் பெயரைச் சொல்ல வேண்டிய இடத்தில், குழிக்கு அந்தப் பக்கம் உயிரோடு நின்றுகொண்டிருந்த அவருடைய தம்பியின் பெயரைச் சொல்லிவிட்டேன். ஒரு தடவை என்றால் நாக்குப் பிசகிவிட்டது என்று விடலாம். மூன்று தடவை சொன்னேன். மூன்றாவது தடவை அந்தத் தம்பி துண்டைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு மெதுவாகப் பின்னால் நகர்ந்து நின்றார். யாரும் திட்டவில்லை. திரும்பி வரும்போது ஒரு பாட்டி மட்டும் கேட்டார்: "ஏனுங்க பாஸ்டர், ராத்திரி தூங்குனீங்களா?"

தூங்கவில்லை. முந்தின இரவு பதினொன்றரைக்கு ஒரு வீட்டுச் சண்டையைத் தீர்க்கப் போய், இரண்டு மணிக்குத் திரும்பி, நாலரைக்கு ஜெபத்துக்கு எழுந்திருந்தேன். அதற்கு முந்தின இரவும் கிட்டத்தட்ட அதே கதை.

திருப்பூரில் அனுப்பர்பாளையம் பக்கம் ஒரு சுயாதீன சபையின் போதகர் நான். 19 வருடம் ஆகிறது. வாடகை மாடியில் 7 பேரோடு தொடங்கியது, இப்போது தகரக் கூரை போட்ட கட்டடத்தில் 130 குடும்பம். பாதிப் பேர் பனியன் கம்பெனிகளில் தைக்கிறவர்கள், செக்கிங், அயர்ன், கட்டிங். தேனி, மதுரை, தூத்துக்குடி பக்கமிருந்து பிழைக்க வந்தவர்கள், சொந்தபந்தம் கூப்பிடு தூரத்தில் இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும், வீட்டுக்காரர் குடித்துவிட்டு வந்தாலும், வாடகை வீட்டு ஓனர் காலி பண்ணச் சொன்னாலும் முதல் போன் பாஸ்டருக்குத்தான். அதில் எனக்குப் பெருமையும் உண்டு. அந்தப் பெருமையைப் பற்றித்தான் அப்புறம் பேச வேண்டி வந்தது.

சி.எஸ்.ஐ. ஆயர்களை நாங்கள் கொஞ்சம் கேலி பேசுவதுண்டு, மாற்றல் எல்லாம் வரும், கவர்மென்ட் உத்தியோகம் மாதிரி என்று. ஆனால் அவர்களுக்கு மேலே ஒரு பேராயர் இருக்கிறார். கத்தோலிக்கக் குருவானவருக்கு மறைமாவட்டம் இருக்கிறது, ஆன்மீக வழிகாட்டி என்று ஒருவரை வைத்துக்கொள்ளும் பழக்கமும் இருக்கிறது. 1830ல் கோயமுத்தூருக்கு வந்து ஊழியம் தொடங்கிய லண்டன் மிஷன் சங்கத்து மிஷனரி அடிஸ் ஐயர்கூட, இங்கே என்ன நடக்கிறது என்று லண்டனுக்குக் கடிதம் எழுதியாக வேண்டும். என்னைப் போன்றவர்களைக் கேட்க ஆளில்லை. எங்கள் ஊழியக்காரர் ஐக்கியம் இருக்கிறதே என்றால், இருக்கிறது. அங்கே காலையில் ஒரு ஜெபக்குறிப்பு சொன்னால் சாயங்காலத்துக்குள் அது அவிநாசியைத் தாண்டிவிடும்.

கோபியில் ஊழியம் செய்கிற வேதாகமக் கல்லூரி நண்பன்தான் கோச்சிங் பற்றிச் சொன்னான், ஒருவரோடு தனியாகப் பேசிப் பேசி நம் வழியைத் தெளிவாக்கிக்கொள்வது. ஊழியக்காரர்களுக்கென்றே தனியாகச் செய்கிறவர் ஒருவர் போத்தனூரில் இருக்கிறார், ஓய்வுபெற்ற போதகர், அதற்கென்று படித்துச் சான்றும் வாங்கியவர் என்றான். வீட்டில் சொன்னேன். என் மனைவி ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தவள் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "கோச்சிங்கா? எந்தப் பரீட்சைக்குங்க?" நாமக்கல், ராசிபுரம் என்று பிள்ளைகளைக் கொண்டுபோய் விடுகிற சீமையில் இருந்துகொண்டு வேறு எப்படிக் கேட்பாள்.

முதல் சந்திப்பு நேரில். கோயமுத்தூரில் முக்கியமான பேச்செல்லாம் பேக்கரியில்தான் நடக்கும், இதுவும் அப்படித்தான். உட்கார்ந்ததும் அவர் கேட்டது: "உங்கள பாஸ்டர்னு கூப்பிடட்டுங்களா, பேரச் சொல்லட்டுங்களா?" என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் என் அம்மாவும் பேங்க் கவுண்டரில் இருக்கிற பையனும்தான். பெயரே சொல்லுங்க ஐயா என்றேன். அப்புறம் நாற்பது நிமிடம் நிறுத்தாமல் பேசினேன். டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. முடித்தபோது ஜெபிப்பார் என்று கண்ணை மூடினேன். அவர் மூடவில்லை. "ஜெபம் பண்ணலாமுங்க. அதுக்கு முன்னால, இதுல உங்களுக்கு என்ன வேணும்?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. குருடனிடம் போய் "உனக்கு என்ன வேண்டும்" என்று இயேசு கேட்டதைப் பிரசங்கத்தில் விளக்கியிருக்கிறேன், என்னிடம் அதை யாரும் கேட்டதில்லை.

மனைவி கேட்டதை அவரிடம் சொன்னேன். சிரித்தார். ஹங்கேரியில் கோச் என்று ஒரு ஊர் இருக்கிறதாம். அங்கே செய்த குதிரை வண்டிக்கு ஊர்ப் பெயரே வண்டிப் பெயராகிவிட்டது. பிறகு 1830 வாக்கில் ஆக்ஸ்போர்டு மாணவர்கள், பரீட்சையைத் தாண்ட வைக்கிற தனி ஆசிரியரைக் கேலியாகக் கோச் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அப்படிப் பார்த்தால் அவள் கேட்டது சரியான கேள்வி. "வண்டி நம்முளுது. எங்க போவோணும்னு ஏறுனவங்கதான் சொல்லோணும்" என்றார்.

ஒரே பக்கத்தில் ஓர் ஒப்பந்தம் எழுதினோம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வியாழக்கிழமை காலை 6 மணி, ஒரு மணி நேரம், போனில். மொத்தம் ஆறு. பேசுவது வெளியே போகாது, என்னை அனுப்பி வைத்த நண்பனுக்கும் போகாது. யாராவது ஒருவருடைய உயிருக்கோ ஒரு குழந்தைக்கோ ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் பேசாமல் இருக்க மாட்டேன் என்று அதையும் எழுதினார். ஒரு தடவைக்கு 600 ரூபாய். முந்தின நாளே சொல்லாமல் விட்டுவிட்டால் அதுவும் ஒரு தடவையாகக் கணக்கு. ஊழியக்காரரிடம் ஊழியக்காரர் காசு வாங்கலாமா என்று எனக்குள் ஒரு முணுமுணுப்பு. முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். "சும்மா குடுத்தா மூணாவது வாரம் நீங்க வரமாட்டீங்க" என்றார். 3600 ரூபாயை என் மனைவி சீட்டுப் பணத்திலிருந்து கொடுத்தாள்.

இந்த வேலைக்குச் சட்டப்படி எந்த லைசென்சும் கிடையாது, யார் வேண்டுமானாலும் கோச் என்று போர்டு மாட்டிக்கொள்ளலாம். ஆகவே எங்கே படித்தீர்கள், எத்தனை மணி நேரம் செய்திருக்கிறீர்கள் என்று கேட்பதில் தப்பில்லை. சர்வதேச அளவில் 1995ல் தொடங்கிய ஒரு கோச்சிங் கூட்டமைப்பு இருக்கிறது. அதன் முதல் நிலைச் சான்றுக்கே 60 மணி நேரப் படிப்பும் 100 மணி நேர அனுபவமும் வேண்டும். நான் இதையெல்லாம் கேட்கவில்லை, அவராகவே சொன்னார்.

முதல் வியாழன் பெரிதாக ஒன்றும் இல்லை. தூக்கத்தைப் பற்றி, தாகத்தைப் பற்றிக் கேட்டார், ராத்திரி எத்தனை தடவை பாத்ரூம் போகிறேன் என்று கேட்டார். "இது என்ற வேலை இல்லீங்க. டாக்டரப் பாத்துட்டு வாங்க" என்றார். போனேன். வெறும் வயிற்றில் சர்க்கரை 214. சாகவேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்த எலியா தீர்க்கதரிசிக்குத் தேவதூதன் முதலில் கொடுத்தது தழலில் சுட்ட அடையும் தண்ணீரும், அதுவும் இரண்டு தடவை, நடுவில் தூக்கம். பேச்செல்லாம் அதற்கப்புறம்தான். 1 இராஜாக்கள் 19. அந்தப் பகுதியில் நான் எப்போதும் பின்னால் கர்த்தர் பேசுகிற மெல்லிய சத்தத்துக்குத் தாவிவிடுவேன், அடையில் நின்றதே இல்லை.

இரண்டாவது தடவைக்கு வீட்டுப்பாடம் இருந்தது. ஏழு நாள், வருகிற போன், போகிற போன் எல்லாவற்றையும் எழுத வேண்டும். நூல் கம்பெனிக்காரர் கொடுத்த பழைய டைரி ஒன்றில் எழுதினேன். 83 போன். அவர் பிரிக்கவில்லை, என்னையே பிரிக்கச் சொன்னார். போதகர்தான் வேண்டும் என்பது 11. போனிலேயே ஜெபிக்கச் சொன்னவை 24. ஆதார் அட்டை, ஸ்கூல் சீட்டு, ஆஸ்பத்திரியில் யாரைப் பார்ப்பது, ஆர்டர் அவசரத்தில் ஞாயிற்றுக்கிழமை கம்பெனி வைத்துவிட்டார்கள் என்ன செய்வது, இப்படி 39. கூட்டிப் பார்த்தால் 74தான் வந்தது. மீதி 9?

அந்த ஒன்பதும் நான் போட்டது. "என்ன சகோதரி, ரெண்டு நாளா போனே காணோம்?" என்று நானே கூப்பிட்டுக் கேட்டவை.

"இந்த ஒம்பதும் யாருக்குங்க தேவைப்பட்டுது?" என்றார்.

நான் பேசவில்லை. அவரும் பேசவில்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று, "ஐயா, இருக்கீங்களா?" என்றேன். "இருக்கேனுங்க" என்றவர் மறுபடி பேசாமல் இருந்தார். அந்த மௌனத்துக்கும் சேர்த்துத்தான் 600 ரூபாய் என்று அப்போது எரிச்சலாக இருந்தது. போன் வராத ராத்திரியில் நான் போனை எடுத்து சார்ஜ் இருக்கிறதா, சிக்னல் இருக்கிறதா என்று பார்ப்பேன். அதை அவரிடம் சொன்னது அன்றைக்குத்தான். என் மனைவிக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

காலையிலிருந்து சாயங்காலம் வரை தனியாளாக ஜனங்களின் வழக்கைத் தீர்த்துக்கொண்டிருந்த மோசேயிடம் மாமனார் எத்திரோ வந்து "நீர் செய்கிற காரியம் நல்லதல்ல" என்று சொன்னதை நான் குறைந்தது நாலு தடவை பிரசங்கித்திருக்கிறேன். ஆயிரம் பேருக்கு, நூறு பேருக்கு, ஐம்பது பேருக்கு, பத்துப் பேருக்குத் தலைவர் என்று போர்டில் படம் போட்டே காட்டியிருக்கிறேன். ஆனாலும் எத்திரோ நேராக யோசனை சொன்னார். இவர் அதுவும் சொல்ல மாட்டார். அதுதான் மூன்றாவது வியாழக்கிழமை எனக்குப் பொறுக்கவில்லை.

சபைக்குப் பக்கத்தில் 5 சென்ட் இடம் விலைக்கு வந்திருந்தது. கடன் வாங்கி வாங்கலாம் என்று நான், வேண்டாம் என்று பொருளாளர். நீங்கள் 30 வருடம் ஊழியம் செய்தவர், சொல்லுங்கள் என்றேன். "நான் சொன்னா அது என்ற முடிவாயிரும். உங்க சபைய எனக்குத் தெரியாதுங்களே" என்றார். வேறு என்ன வழி இருக்கிறது, இன்னொன்று, இன்னொன்று என்று கேட்டுக்கொண்டே போனார். சுற்றி வளைத்துத் தப்பிக்கிறார் என்று தோன்றியது. நாலாவது வியாழக்கிழமை வேண்டுமென்றே போனை எடுக்கவில்லை. சொல்லாமல் விட்டதால் அது கணக்கில் போய்விட்டது. 600 ரூபாய்க்குத் தூங்கினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த இடத்தை வேறு யாரோ வாங்கிவிட்டார்கள். இன்றும் எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

ஐந்தாவது தடவைக்குள் நானே கொஞ்சம் படித்துப் பார்த்திருந்தேன். அவர் கேட்கிற வரிசை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிட்டது. எங்கே போக வேண்டும், இப்போது எங்கே நிற்கிறாய், என்னென்ன வழி, எதைச் செய்யப் போகிறாய். இந்த நாலு படியை 1992ல் பரவலாக்கியவர் ஜான் விட்மோர், கார்ப் பந்தயம் ஓட்டியவர். அதைக் கம்பெனிகள் எடுத்துக்கொண்டன, அங்கிருந்து சபைக்குள்ளும் வந்திருக்கிறது. எனக்கு அதில் ஒரு வார்த்தை மட்டும் இன்றுவரை ஒட்டவில்லை: இலக்கு. எங்கள் சபையார் வாரம் பூராவும் பீஸ் கணக்கில் இலக்குக்கு ஓடிவிட்டு ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்கிறவர்கள். அவரிடமே சொன்னேன். "அப்ப வேற வார்த்தை சொல்லுங்க" என்றார். யோசித்து, "பாரம்" என்றேன். எந்தப் பாரம் என்னுடையது, எது இல்லை. அதிலிருந்து பேச்சு வேறு மாதிரி போனது. அந்த ஒரு மணி நேரம்தான் ஆறிலும் சிறந்தது என்பேன். இரவு போனை யார் யார் எடுக்கலாம் என்று மூன்று மூப்பர்களின் பெயர் அன்றைக்குத்தான் என் வாயிலிருந்து வந்தது. அதில் ஒருவர் அந்தப் பொருளாளர்.

கமிட்டியில் சொல்வதுதான் பயமாக இருந்தது. எப்படிச் சொல்வேன் என்று அவரிடமே இரண்டு தடவை ஒத்திகை பார்த்தேன். ராத்திரி 9.30க்கு மேல் சபை நம்பர் மூப்பர்களிடம், வாரம் ஒருவராக மாறும். ஆஸ்பத்திரி சந்திப்புக்கு சகோதரிகள் ஐக்கியம் ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளும். மரணம், உயிராபத்து என்றால் மட்டும் என்னை எழுப்பலாம். திங்கட்கிழமை எனக்கு விடுமுறை. சொல்லி முடித்ததும் கட்டிங் மாஸ்டராக இருக்கிற ஒரு மூப்பர், "பாஸ்டருக்கு எதுக்குங்க கோச்சு? ஆவியானவர் இல்லீங்களா?" என்றார். உண்மையாகத்தான் கேட்டார், குத்தலாக இல்லை. எலியாவையும் அடையையும் சொன்னேன். அவருக்குத் திருப்தியில்லை. பொருளாளர் மட்டும், "முதல் வாரம் நான் எடுத்துக்கறேனுங்க" என்றார். ஞாயிற்றுக்கிழமை சபையில் அறிவித்தபோது ஒரு அம்மா எழுந்து, "அப்ப எம்பட பேரன் கல்யாணம் திங்கக்கெழம, அதுக்கு வருவீங்கல்ல?" என்று கேட்டார். போனேன். அதோடு முதல் விடுமுறை போயிற்று.

அடுத்த திங்கட்கிழமை நானும் மனைவியும் பைக்கில் கொடிவேரிக்குப் போனோம். அணையில் கால் நனைத்துவிட்டு மீன் வறுவல் சாப்பிட்டோம். மூன்று மணிக்கெல்லாம் என்ன பேசுவது என்று தெரியாமல் இருவரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். 21 வருடக் கல்யாணத்தில் இது ஒரு புது அனுபவம்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். இரண்டு குடும்பங்கள் பாஸ்டர் மாறிவிட்டார் என்று வேறு சபைக்குப் போய்விட்டன. சர்க்கரை 130க்கு வந்திருக்கிறது. போன மாதம் ராத்திரி பதினொன்றே காலுக்கு ஒரு வீட்டில் பெரிய தகராறு. பொருளாளர் போய்ப் பேசி முடித்துவிட்டு வந்திருக்கிறார். எனக்கு அது இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. எப்படிச் சமாதானம் செய்தீர்கள் என்று கேட்டேன். "டீ போடச் சொல்லிக் குடிச்சுப்போட்டு வந்தேனுங்க" என்றார். நான் போயிருந்தால் இரண்டு மணி ஆகியிருக்கும்.

கடைசி வியாழக்கிழமை, இன்னும் இரண்டு தடவை பேசலாமா ஐயா என்று கேட்டேன். "பேசலாமுங்க. எதுக்குன்னு ஒரு வரி எழுதி அனுப்புங்க, தேதி போட்டுக்கலாம்" என்றார். மூன்று வாரம் ஆகிறது. அந்த நூல் கம்பெனி டைரியில் நாலு தடவை எழுதி அடித்திருக்கிறேன்.