ஆரஞ்சு ஆற்றில் நாலு நாள் கயாக் (சின்னத் துடுப்புப் படகு) பயணம்: கிளம்பும் முன்

டர்பன் நண்பர்களே, தென்னாப்பிரிக்க எல்லை ஊரான ஃபியோல்ஸ்டிரிஃப் பக்கம் இந்த ஆறுதான் நமீபியா எல்லை. எதிர்க்கரையில் தங்கணும்னா பாஸ்போர்ட் கையில் இருக்கணும். ஒரு நாளைக்கு 15 கிலோமீட்டர் போதும். மத்தியானம் எதிர்க்காத்து கிளம்பினா எவ்வளவு துடுப்பு போட்டாலும் படகு நகராது. விடிஞ்சதும் தண்ணியில இறங்கிடுங்க.

தீவுல கூடாரம் போடறதுக்கு முன்னாடி மணல்ல ஈரக்கோடு எதுவரைக்கும் இருக்குன்னு பாருங்க, அதுக்கு நல்லா மேலே போடுங்க. ஆத்தோட மேல்பக்கம் ரொம்ப தூரத்துல இருக்கிற வாண்டர்க்ளூஃப் அணையைத் திறந்தாலும், இங்க மழையே இல்லாம மட்டம் ஏறும். படகையும் மேலே இழுத்துக் கட்டுங்க, இதுல சோம்பல் கூடவே கூடாது. மணல்ல கூடார முளை நிக்காது. பையில மணல் ரொப்பி, கயித்தைக் கட்டி, ஒரு முழம் ஆழத்துல புதைங்க.

குடிதண்ணி ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டர். கனமானதெல்லாம் இருக்கைக்குப் பக்கத்துல, அடியில. முனையில வெச்சா படகு சட்டுனு திரும்பாது. நாணல் அடைச்ச கிளையாறு பக்கம் போகவே வேண்டாம்: தண்ணி நாணலுக்குள்ள புகுந்து ஓடிடும், படகு குறுக்கே மாட்டிக் கவிழ்ந்துடும்.