அஞ்சு மணித்தியாலம் எடுத்து ஒரு அறையைக் கடந்த வண்டில்

ஏஎல் எடுத்துப்போட்டு நிக்கிற மச்சான் ஒருத்தன் கேட்டான், ஏஐ கணக்கு செய்யுது கட்டுரை எழுதுது, பிறகேன் அண்ணை குசினியில கோப்பை கழுவ ஒரு றோபோ இல்லை எண்டு. நல்ல கேள்விதான். இதுக்கு றோபோ ஆராய்ச்சியாளர் ஹான்ஸ் மொறவெக்கின்ர கதையில இருந்துதான் தொடங்கோணும்.

ஆள் ஒஸ்ரியாவில பிறந்தவர், எழுபதுகளில ஸ்டான்போர்ட்டில பிஎச்டி செய்யேக்க சில்லு வைச்ச ஒரு வண்டிலில டிவி கமராவைப் பூட்டி அதைத் தானா ஓட வைக்கப் பாத்தவர். 1979இல அது கதிரையள் நிறைஞ்ச ஒரு அறையை ஒருத்தரும் தொடாமல் கடந்தது, எடுத்த நேரம் கிட்டத்தட்ட அஞ்சு மணித்தியாலம்! ஒரு மீற்றர் போகும், பிறகு 10, 15 நிமிசம் நிண்டு யோசிக்கும். கமரா ஒரு தண்டில பக்கவாட்டா நகர்ந்து 9 படம் எடுக்கும், சாவகச்சேரி பஸ்ஸில போகேக்க கிட்டக் கிடக்கிற வேலி விறுவிறெண்டு ஓட தூரத்துப் பனை அப்பிடியே நிக்குமெல்லே, அந்தக் கணக்குத்தான், படத்துக்குப் படம் கூட நகருறது கிட்ட இருக்கு. வெளியில விட்டால் இன்னும் பகிடி, அது யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள வெயில் திரும்பி நிழலெல்லாம் இடம் மாறிப்போடும்.

பிறகு 1988இல அவரே எழுதினார், கொம்பியூட்டருக்கு பெரியாக்களின்ர சோதினை லேசு, ஒரு வயசுப் பிள்ளை பாக்கிற நடக்கிற மாதிரிச் செய்யிறதுதான் கஷ்டமெண்டு. பாக்கிறதும் நடக்கிறதும் கோடிக்கணக்கான வருசமா உயிரினங்களுக்குள்ள ஊறினது, யோசிக்கிறது நேற்று வந்தது. இப்ப கமரா, சிப் எல்லாம் எங்கயோ போட்டுது உண்மைதான், ஆனா திருநெல்வேலிச் சந்தையடியில சைக்கிள், ஓட்டோ, மாடு எல்லாத்துக்குள்ளாலயும் ஒரு றோபோவை விட்டுப் பாத்திட்டுத்தான் நான் ஒத்துக்கொள்ளுவன்.