நாடித்துடிப்பு 44

பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகன் நான்கே மாதத்தில் 14 கிலோ இறங்கினான். வகுப்பில் 'குண்டா' என்று கூப்பிட்டதில் தொடங்கியது. காலையில் ஓட்டம், அப்புறம் இரவுச் சாப்பாடு கிடையாது, அப்புறம் இட்லிப்பொடிக்கு எண்ணெய்கூட வேண்டாம். சொந்தக்காரர்கள் பாராட்டினார்கள். நானும் பூரித்தேன். அதை நினைத்தால் இன்னும் மனசு அறுக்கிறது.

முதல் மருத்துவர் டானிக் எழுதினார். இரண்டாமவர் காசநோய், தைராய்டு, எண்டோஸ்கோப்பி எல்லாம் பார்த்தார். எதிலும் ஒன்றுமில்லை. நாடித்துடிப்பு மட்டும் 44. "தினமும் ஓடுறான்ல, விளையாட்டு வீரர்களுக்கு இப்படித்தாம்மா இருக்கும்" என்று அனுப்பிவிட்டார். இதுதான் எனக்கு ஆறவில்லை. மே மாத வெயிலில் போர்வை கேட்கிற பிள்ளை எப்படி விளையாட்டு வீரன் ஆவான்? பட்டினியில் உடம்பு தன் செலவைச் சுருக்கும்போதும் நாடி இறங்கும். எடை குறைந்த பிள்ளைக்குப் பகலில் 50-க்குக் கீழே போனால், அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

"அனோரெக்ஸியாவா இருக்குமோ?" என்று ஒரு ஆலோசகரிடம் கேட்டேன். எடை கூடிவிடும் என்ற பயத்தில் சாப்பாட்டையே ஒதுக்கவைக்கும் மனநோய் அது. பெண் பிள்ளைகளுக்குத்தான் அது வரும் என்று சொல்லி, மாதவிடாய் பற்றிக் கேள்வி இருந்த படிவத்தைக் காட்டினார். நோயை உறுதிசெய்யும் அமெரிக்க வரையறையிலிருந்து, மாதவிடாய் நின்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனையை 2013-லேயே நீக்கிவிட்டார்கள் என்று பிறகுதான் தெரிந்தது.

மூன்றாவதாகப் பார்த்த மனநல மருத்துவர் என்னை வெளியே உட்காரவைத்து, அவனிடம் தனியாகப் பேசினார். எடை கூடிவிடுமோ என்று பயமா என்று கேட்டாராம். உடைந்து அழுதிருக்கிறான். அன்று மாலையே சேர்த்தோம். பழைய எடை, உயரம் கேட்டார்கள்; என்னிடம் ஒரு தாளும் இல்லை. பி.டி. சாரின் நோட்டு காப்பாற்றியது. நீங்கள் வருடா வருடம் குறித்து வையுங்கள்.

வார்டில் ஒன்பது நாள். நான் கொண்டுபோன சாப்பாட்டை நர்ஸ் தடுத்தபோது கோபம் வந்தது. நீண்ட பட்டினிக்குப் பிறகு ஒரேயடியாகக் கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து இதயத்தையே பாதிக்குமாம். தினமும் ரத்தம் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்டினார்கள்.

காப்பீட்டில் மனநோய்க்குப் பணம் கிடையாது என்றார்கள். உடல் நோய்க்குப் போலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிற, 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21(4) பிரிவைக் குறிப்பிட்டு எழுதிக் கொடுத்தேன். மூன்று தடவை அலைந்த பிறகு பணம் வந்தது.

இப்போது மூன்று வேளையும் நானோ அவன் அப்பாவோ பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடவைக்கிறோம். சில நாள் ஒரு தோசைக்கு ஒரு மணி நேரம் ஆகும். நேற்று நெய்த்தோசை, முழுதாகச் சாப்பிட்டான். நாடி 62.