தங்கை மகன் மீதான கஞ்சா வழக்கில் நாங்கள் அறிந்துகொண்ட சட்டம்

என் தங்கை மகன் நண்பர் ஒருவருடன் தங்கியிருந்த வாடகை அறையில் 1 கிலோ 200 கிராம் கஞ்சா கைப்பற்றப்பட்டு, இருவரும் கைதாகி ரிமாண்ட் செய்யப்பட்டபோது, எத்தனை ஆண்டு தண்டனை கிடைக்கும் என்பதுதான் எங்கள் வீட்டில் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி. வழக்கறிஞரோ மகஜரில், அதாவது பொருளைக் கைப்பற்றியபோது காவல்துறை எழுதிய பதிவில், குறிப்பிடப்பட்டிருந்த எடையைத்தான் முதலில் பார்த்தார்.

என்.டி.பி.எஸ். என்று நீதிமன்றங்களில் சொல்லப்படும் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில், கஞ்சாவுக்கு 1 கிலோவுக்குக் குறைவாக இருந்தால் சிறிய அளவு, அதிலிருந்து 20 கிலோ வரை இடைப்பட்ட அளவு, 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு. சிறிய அளவு என்றால் அதிகபட்சம் 1 ஆண்டு. இடைப்பட்ட அளவு என்றால் 10 ஆண்டு வரை. வணிக அளவுக்குக் குறைந்தபட்சமே 10 ஆண்டு. ஹெராயினுக்கு இந்த எல்லைகள் 5 கிராமும் 250 கிராமும் என்று அறிந்தபோது, பொருளின் பெயரும் எடையும் சேர்ந்துதான் வழக்கின் போக்கைத் தீர்மானிக்கின்றன என்பது விளங்கியது. எங்கள் வழக்கில் 200 கிராம் கூடியதால் 1 ஆண்டு 10 ஆண்டாக மாறியிருந்தது.

மகஜரில் "பையுடன் சேர்த்து" எடை போட்டதாக ஒரு வரி இருந்தது. 52ஏ பிரிவின்படி மாஜிஸ்திரேட் முன்னிலையில் பட்டியலிட்டு மாதிரி எடுத்தபோது பையை நீக்கி எடை போடுமாறு எங்கள் வழக்கறிஞர் கேட்டார். எடை குறைந்தது, ஆனாலும் 1 கிலோவுக்குக் கீழே வரவில்லை. வணிக அளவு இல்லை என்பதால் 37ஆம் பிரிவின் கடுமையான ஜாமீன் நிபந்தனைகள் பொருந்தவில்லை என்பதே அப்போது எங்களுக்கிருந்த ஒரே ஆறுதல். சிறப்பு நீதிமன்றம் வாரந்தோறும் காவல் நிலையத்தில் கையெழுத்திட வேண்டும் என்ற நிபந்தனையுடன் ஜாமீன் வழங்கியது.

விசாரணையில்தான் உண்மையான போராட்டம் தொடங்கியது. பொருள் ஒருவரிடம் இருந்தது என்று அரசுத் தரப்பு அடிப்படை உண்மைகளை நிறுவிவிட்டால், அது பற்றிய அறிவும் எண்ணமும் அவருக்கு இருந்தன என்று 35, 54 ஆகிய பிரிவுகள் அனுமானிக்கின்றன. இல்லை என்று காட்டும் சுமை குற்றம் சாட்டப்பட்டவர் மேல் விழுகிறது. சாதாரணக் குற்ற வழக்குகளைப் பற்றி நாம் கேள்விப்பட்டிருப்பதற்கு நேர்மாறான இந்த ஏற்பாடு, ஒரே அறையில் குடியிருந்ததைத் தவிர வேறு தொடர்பில்லாத இளைஞன் ஒருவன் மேல் வைக்கக்கூடாத பாரம் என்றே நான் கருதுகிறேன்.

"மாமா, பை யாருடையது என்று கேட்டார்கள், ரூமில் இருக்கிறவர்களுடையது என்று சொன்னேன்" என்று, சிறையில் நான் அவனைப் பார்க்கச் சென்றபோது சொன்னான். அந்தப் பதில் ஒப்புதல் வாக்குமூலமாக எழுதப்பட்டு, அவனிடம் கையெழுத்தும் வாங்கப்பட்டிருந்தது. காவல் அதிகாரியிடம் அளிக்கும் ஒப்புதல் சாட்சியமாகாது என்பதோடு, இந்தச் சட்டத்தின்கீழ் அதிகாரம் பெற்ற பிற துறை அதிகாரிகளுக்கும் அதே விதி பொருந்தும் என்று தூஃபான் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்திருக்கிறது. அதனால் அந்தத் தாள் எங்களுக்கு எதிராக நிற்கவில்லை.

சோதனை நடந்தது சூரியன் மறைந்த பிறகு. பிடியாணை இல்லாமல் அந்நேரத்தில் குடியிருப்பிடத்துக்குள் நுழைய வேண்டுமானால், அதற்கான காரணத்தை அதிகாரி முன்கூட்டியே எழுத்தில் பதிவு செய்து, 72 மணி நேரத்துக்குள் அதன் நகலை மேலதிகாரிக்கு அனுப்ப வேண்டும் என்கிறது 42ஆம் பிரிவு. குறுக்கு விசாரணையில் அந்தப் பதிவைக் காட்டும்படி கேட்டபோது அதிகாரியால் எதையும் காட்ட முடியவில்லை. பூட்டிய பையின் சாவி நண்பரிடம் மட்டுமே இருந்தது என்பதை அரசுத் தரப்பின் சாட்சியான வீட்டு உரிமையாளரே ஒப்புக்கொண்டார். இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்த நீதிமன்றம் என் தங்கை மகனை விடுவித்தது.

காவலில் இருப்பவர் எவராயினும் வருமான வரம்பின்றி மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் மூலம் இலவச வழக்கறிஞரைப் பெறலாம். வசதியற்ற குடும்பங்கள் இதைக் கைதான அன்றே கேட்க வேண்டும். எஃப்.ஐ.ஆர்., மகஜர், ஆய்வக அறிக்கை ஆகியவற்றின் நகல்களையும் தாமதமின்றிக் கேட்டு வாங்க வேண்டும். கைப்பற்றப்பட்ட அலைபேசியைத் திரும்பப் பெற மட்டும் தனியாக ஒரு மனு போட வேண்டியிருந்தது. அந்த மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது.