டேப்பெட் இல்லை, மேனிஃபோல்டு

எம்.ஜி.பி. என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரில் டிக் டிக் என்று சத்தம் வந்தால் யாரைக் கேட்டாலும் "டேப்பெட்தான், விடு" என்பார்கள்; இஞ்சின் வால்வுகளைத் தள்ளும் பாகம் அது. என் 1972 மாடலுக்கும் அதே தீர்ப்புதான். எனக்கு மனசு ஒப்பவில்லை. காலையில் ஸ்டார்ட் செய்ததும் கணீரென்று கேட்கும். சூடு ஏறினால் அடங்கிவிடும். இரும்பு விரிந்து, புகை போகும் வழியில் எங்கோ ஓர் இடுக்கை அடைத்துக்கொள்கிறது என்று தோன்றியது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்னால் பட் பட் என்று வெடிப்பு வேறு. புகை கசிகிற சந்து வழியே வெளிக்காற்றும் உள்ளே போகும். எரியாமல் வந்த பெட்ரோல் அதோடு சேர்ந்து குழாய்க்குள்ளேயே பற்றிக்கொள்ளும்.

இங்கே இங்கிலாந்தில் நாற்பது வயது தாண்டிய கார்களில் பெரும்பாலானவற்றுக்கு 2018 முதல் வருடாந்தரச் சோதனை கட்டாயமில்லை. சலுகைதான், ஆனால் சைலன்சரை எட்டிப் பார்க்க நம்மைத் தவிர ஆளில்லை. கசிகிற புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. மழைக்குத் துணிக்கூரையை மூடிக்கொண்டு ஓட்டுகிற வண்டியில் இதை அலட்சியமாக விடக் கூடாது.

இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, மனைவியிடம் தோட்டக் கையுறையும் தடித்த துணியும் கொடுத்து சைலன்சர் வாயை அழுத்தச் சொன்னேன், புகை கசிவு வழியே பீறிடட்டும் என்று. "சீக்கிரம் பாருங்க, உதறுது!" என்றாள். ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து மறுமுனையால் துழாவினேன். இஞ்சினிலிருந்து புகை வெளியேறும் நடு போர்ட்டுக்குப் பக்கத்தில் புஸ் புஸ். டார்ச் அடித்தால் அங்கேயே கரிக்கோடு.

சரி, கேஸ்கட் (இணைப்பில் கசிவை அடைக்கும் தகடு) போய்விட்டது, மாற்றினால் தீர்ந்தது என்று யாரும் நினைப்பார்கள். ஆனால் இந்த இஞ்சினில் பெட்ரோல் கலவை உள்ளே போகும் இன்லெட், புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் என்ற இரண்டு மேனிஃபோல்டும் (கிளைக்குழாய்களும்) ஒரே பக்கம், ஒரே கேஸ்கட். இஞ்சினிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஆறு ஸ்டட்டில் (மரைக்கம்பியில்) நடு நான்கிலும் ஒரு பெரிய தடித்த வாஷர் இரண்டு மேனிஃபோல்டின் விளிம்பையும் சேர்த்து அமுக்குகிறது. இரண்டும் ஒரே தடிமனாக இருந்தால்தான் அது நேராக உட்காரும். எனக்கு முன் வைத்திருந்தவர் எப்போதோ இன்லெட்டை மட்டும் மாற்றியிருக்கிறார். அது கொஞ்சம் தடி. வாஷர் சாய்ந்து, இன்லெட்டை மட்டும் இறுக்கி எக்ஸாஸ்டைச் சும்மா தொட்டுக்கொண்டிருந்தது. இந்த நிலையில் எத்தனை கேஸ்கட் போட்டாலும் ஊதிக்கொண்டுதான் இருக்கும்.

கார்புரேட்டர்களைக் கழற்றுவது அலுப்பான வேலை, அதை விடுங்கள். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டோடு கீழ்க்குழாய் சேருமிடத்தில் பித்தளை நட்டுகள். ஸ்டட்டோடு துருப்பிடித்து ஒட்டாது என்பதால் பித்தளை. இரும்பு நட்டு போட்டு மிச்சம் பிடித்தால் அடுத்த முறை ஸ்டட்டே முறிந்து கையோடு வரும். பழைய கேஸ்கட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அதனால் நனைத்து நனைத்துச் சுரண்டினேன். பிறகு வாஷர்களைப் பட்டறைப் பிடியில் கடிக்கவைத்து, இன்லெட் பக்கம் உட்காரும் பாதியை மட்டும் அரத்தால் ராவிப் படி மாதிரி ஆக்கினேன். ராவுவது, வைத்துப் பார்ப்பது, ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைகிறதா என்று பார்ப்பது, மறுபடி ராவுவது. இறுக்கும்போது வாஷர் சுற்றிவிடக் கூடாது. படி இடம் மாறினால் உழைப்பெல்லாம் வீண்.

இப்போது குளிர்ந்த இஞ்சினிலும் புஸ் இல்லை, வெடிப்பும் இல்லை. ஒன்று மட்டும்: ஓட்டி, சூடாகி, ஆறியபின் எல்லா நட்டையும் மறுபடி இறுக்கிப் பாருங்கள். எனக்கு நடு நட்டு இளகியிருந்தது. கார்புரேட்டருக்கு அடியில் கை நுழைய இடமில்லை. பழைய ஸ்பேனர் ஒன்றைச் சூடாக்கி வளைத்து, அதற்கென்றே வைத்திருக்கிறேன்.